காலை பேட்ச், மாலை பேட்ச்

எண்பதுகளின் தொடக்கத்தில் பவானியில் ஒருவர் யோகாசனம் பழகுகிறார் என்று தெரிந்தால் ஊர் இரண்டு காரணங்களைத்தான் யோசிக்கும். ஒன்று, டாக்டர் கைவிட்டிருப்பார். இல்லை, பெண்டாட்டி கைவிட்டிருப்பார். பள்ளிக்கூடம் போகிற பெண்பிள்ளையான என் விஷயத்தில் இரண்டாவதற்கு வழியில்லை. எனக்கு இளைப்பு. மார்கழி பிறந்தால் ராத்திரி முழுக்க நெஞ்சுக்குள் யாரோ ஆர்மோனியம் வாசிப்பார்கள். டாக்டர் ஊசி போட்டுப் பார்த்தார். அம்மா தூதுவளை ரசம் வைத்துப் பார்த்தாள். கூடுதுறை சங்கமேஸ்வரர் கோயிலில் வேண்டுதல் ஒன்று பாக்கி நின்றது. கடைசியில் அப்பா என்னை ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர் ஒருவரிடம் கொண்டுபோய் விட்டார். விளையாட்டுப் பீரியடில் ஊதிய விசிலை அவர் ஓய்வுக்குப் பிறகும் கழுத்திலிருந்து கழற்றவில்லை.

வகுப்பு நடந்தது பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கூட வராந்தாவில். விரிப்புக்குப் பஞ்சமில்லை, ஊரே ஜமக்காளம் நெய்கிற ஊர். எங்கள் வீட்டிலும் இரண்டு குழித்தறி. நெய்யும்போது கோடு பிசகிப்போன துண்டுகள் யோகாசனத்துக்கு வந்துசேரும். சிமெண்டுத் தரையில் ஜமக்காளம் வழுக்கும். வழுக்காமல் நிற்பதுதான் ஆசனம் என்பார் மாஸ்டர்.

காலை, மாலை, மகளிர், சிறுவர் என்ற பிரிவெல்லாம் கிடையாது. காலை ஐந்தரைக்கு யார் வந்தாலும் ஒரே வரிசை. தறிக் குழிக்குள் காலை விட்டுக் குனிந்து நெய்தே இடுப்பு போன நெசவாளிகள், தாலுகா ஆபீஸ் ஹெட் கிளார்க், சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர், ஓரத்தில் நாங்கள் நாலைந்து பிள்ளைகள். விசில் ஊதினால் எல்லோரும் குப்புறப் படுக்க வேண்டும். இன்னொரு விசிலுக்குப் புஜங்காசனம். ஏன், எதற்கு, எந்தத் தசைக்கு என்று யாரும் கேட்டதில்லை. ஊரில் நாலு பேர் எழுந்து நின்று கும்பிடும் ஹெட் கிளார்க், மாஸ்டர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, "இன்னிக்கு முட்டி வலிக்குதுங்க, லீவு வேணுங்க" என்று கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். லீவு கிடைக்கவில்லை.

பவனமுக்தாசனத்தில் முழங்காலை வயிற்றோடு அணைத்து அழுத்தும்போது அந்த ஆசனத்தின் பெயருக்கேற்ற பலன் வராந்தாவில் யாரிடமிருந்தாவது உடனே வெளிப்பட்டுவிடும். பிள்ளைகள் நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவோம். மாஸ்டர் முகத்தில் சலனமே இருக்காது. "வெளிய போறது ஊட்டுக்கு நல்லது" என்று விட்டு அடுத்த விசில்.

எனக்கென்று அவர் சொன்ன பாடம் ஒன்றே ஒன்று. இளைப்புக்காரர்கள் மூச்சை இழுத்து இழுத்து வாங்குவார்கள், விடத்தான் தெரியாது. "கண்ணு, உட்டுடு. புடிச்சு வெச்சு என்ன பண்ணப் போற, வட்டிக்கு உடப் போறியா?" வாங்குவதைவிட விடுவதற்கு இரட்டிப்பு நேரம். இதை ஆங்கிலத்திலும் வரைபடத்திலும் பின்னாளில் படித்தேன். அவர் சொன்னதைவிட ஒரு சொல்கூட அதில் அதிகமில்லை, பக்கங்கள்தான் அதிகம். இளைப்பு அடியோடு போய்விட்டது என்று எழுதினால் கதை அழகாக முடியும். போகவில்லை, மார்கழியில் இன்றும் எட்டிப் பார்க்கும், பையில் இன்ஹேலர் இருக்கிறது. ஆனால் அது வரும்போது பதறாமல் இருக்கத் தெரிந்துகொண்டேன்.

பழைய காலத்தைத் தூக்கிவைத்துக் கொண்டாடும் உத்தேசம் எனக்கில்லை. அந்த மனிதர், ரத்தக் கொதிப்புள்ள ஹெட் கிளார்க்கையும் எட்டு வயதுப் பையனையும் ஒரே சுவரில் சாய்த்துச் சிரசாசனம் போட வைத்து, ஏழாம் வாய்ப்பாடு முடிகிற வரை இறங்கவிட மாட்டார். கண் நீர்அழுத்தம் உள்ளவர்கள் தலைகீழாக நிற்கக்கூடாது, சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், மாதவிலக்கு நாளில் பெண் பிள்ளையை விசாரிக்காமல் விட வேண்டும் என்றெல்லாம் அந்த வராந்தாவில் யாரும் பேசியதில்லை. ஒருவர் கழுத்தும் முறியாமல் போனது சங்கமேஸ்வரர் புண்ணியம். பாவாடைக்குள் அண்ணனின் பேன்ட்டை மாட்டிக்கொண்டுதான் நான் தலைகீழாக நின்றேன். அதற்கே எங்கள் தெருவில் ஒரு வாரம் பேச்சு.

நான் ஆசிரியரான கதை சுருக்கம். ஒரு நாள் மாஸ்டர் மகள் வீட்டுக்குக் கிளம்பினார். கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி என்னிடம் கொடுத்து, "நீ பாத்துக்க கண்ணு" என்றார். அவ்வளவுதான். அன்று காலை நெசவாளிகளும் ஹெட் கிளார்க்கும் என் விசிலுக்குக் குப்புறப் படுத்தார்கள். பதினெட்டு வயதுகூட ஆகவில்லை எனக்கு. சம்பளம் கிடையாது, விஜயதசமிக்கு வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு பூவம்பழம், பதினோரு ரூபாய்.

கல்யாணமாகிக் கோயம்புத்தூர் வந்த பிறகு தெரிந்தவர்கள் வீட்டு மாடியிலும், பள்ளிக்கூடங்களில் பி.டி. டீச்சர் லீவு போட்ட பீரியடிலும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் ஏற்கெனவே ஆழியாறு யோகா மையத்துக்குப் போய் வந்தவர்கள். வேதாத்திரி மகரிஷி வகுத்த எளியமுறை உடற்பயிற்சியைக் கைப்பயிற்சியில் தொடங்கி உடல் தளர்த்துதல் வரை மனப்பாடமாகச் செய்வார்கள். அவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கூடவே செய்தேன். "சும்மாதானே இருக்கீங்க, எங்க பாப்பாவுக்கும் சொல்லிக் குடுங்க" என்ற வாக்கியத்தை அந்த வருஷங்களில் கேட்டதுபோல நான் வேறெதையும் கேட்டதில்லை.

2014 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபை ஜூன் 21-ஐ யோகா தினமாக அறிவித்தது. 2015-ல் முதல் தினம். டெல்லி ராஜபாதையில் 35,985 பேர் ஒன்றாகச் செய்து கின்னஸில் ஏறினார்கள். அந்த 35,985-ல் நான் இல்லை என்றாலும் அதன் அலை எங்கள் சரவணம்பட்டி வரைக்கும் அடித்தது. ஜூன் 20 வரை காலி பீரியடை நிரப்புகிறவளாக இருந்தவளுக்கு 21 காலையில் மேடையில் நாற்காலி, கழுத்தில் சால்வை, கையில் மைக். பிள்ளைகளுக்கு வெள்ளை டி-ஷர்ட். புகைப்படக்காரர் கோணம் சரியில்லை என்று விருட்சாசனத்தை மூன்று முறை திரும்பச் செய்யச் சொன்னார். 22-ம் தேதி அந்தப் பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொண்டார். ஆனாலும் ஒன்று நடந்தது: யோகா என்பது சும்மா இருப்பவர்கள் செய்கிற வேலையல்ல, சான்றிதழ் வாங்கிச் செய்கிற வேலை என்று எல்லோருக்கும் ஒரே நாளில் தெரிந்துவிட்டது.

எங்கள் அடுக்ககச் சங்கத்துக்கும் தெரிந்துவிட்டது. கிளப் ஹவுஸில் வகுப்பெடுக்க அனுமதி கேட்டுப் போனேன். செயலாளர் நல்ல மனிதர். "மேடம், எக்ஸ்பீரியன்ஸ் எல்லாம் சரிதானுங்க. டூ ஹண்ட்ரட் அவர்ஸ் இருக்குதுங்களா?" என்றார். விசில் இருக்கிறது என்று வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

இருநூறு மணி நேரம் என்பது அமெரிக்காவிலுள்ள யோகா அலயன்ஸ் என்ற அமைப்பு வைத்த அளவு. குழந்தைகளுக்குக் கற்பிக்க வேண்டுமானால் அதன்மேல் 95 மணி நேரம். நம் ஆயுஷ் அமைச்சகத்தின் யோகா சான்றிதழ் வாரியம் 2018-ல் வந்தது. அதன் படிகள் புரோட்டோகால் இன்ஸ்ட்ரக்டரில் தொடங்கி யோகா மாஸ்டர் வரை போகின்றன. நான் பயிற்சியில் சேர்ந்தபோது வகுப்பில் எனக்கு அடுத்த மூத்தவளுக்கு என் மகள் வயது. பயிற்சியாளர் அவளைவிடச் சின்னவர், கெட்டிக்காரர். என் புஜங்காசனத்தைப் பார்த்து, "ஆன்ட்டி, யூ ஆர் அ நேச்சுரல்" என்றார். எதிர்காலம் உண்டு என்கிற தொனி.

அங்கே கற்றதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். இடுப்பெலும்பையும் தொடையையும் இணைக்கும் தசை எங்கே ஒளிந்திருக்கிறது, உட்கார்ந்தே வேலை பார்ப்பவருக்கு அது ஏன் சுருங்கிப் போகிறது, அதை நீட்டாமல் முதுகை மட்டும் வளைத்தால் என்ன கெடும் என்பதெல்லாம் அங்கேதான் தெரிந்தது. மாணவரைத் தொட்டுத் திருத்தும் முன் கேட்க வேண்டும் என்பதும் அங்கே விதி. தொட வேண்டாம் என்பவர்கள் விரிப்பின் ஓரத்தில் ஒரு அட்டையை வைத்துவிடலாம். இதில் எனக்குக் கிண்டல் இல்லை. அந்த அட்டை என் காலத்திலேயே இருந்திருந்தால் எத்தனையோ பெண்பிள்ளைகள் பாதியில் நின்றிருக்க மாட்டார்கள்.

சிரிப்பு வந்தது தத்துவப் பாடத்தில்தான். பதஞ்சலியின் 196 சூத்திரங்களில் ஆசனத்தைப் பற்றி நேரடியாகப் பேசுவது மூன்று. மீதி 193-க்கும் கிளப் ஹவுஸில் கிராக்கியில்லை. பதினைந்தாம் நூற்றாண்டு ஹடயோக பிரதீபிகையில் மொத்தமே பதினைந்து ஆசனங்கள், அதிலும் பெரும்பாலானவை உட்கார்ந்து செய்வன. எல்லோரும் வேத காலத்தோடு சேர்த்துப் பேசுகிற சூரிய நமஸ்கார வரிசையை உடற்பயிற்சியாக ஊரெங்கும் பரப்பியவர் ஔந்த் சமஸ்தானத்து ராஜா. அது 1920-களில்தான். திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் எட்டு அங்கங்களை வரிசையாகச் சொல்கிறார். அங்கேயும் ஆசனத்தைவிட மூச்சுக்கே பேச்சு அதிகம். குதித்துக் குதித்துப் போகும் "வின்யாச ஃப்ளோ" எங்கே இருந்து வந்தது?

மைசூரிலிருந்து. 1930-களில் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஜகன்மோகன் அரண்மனையில் ஒரு யோகசாலை வைத்தார்; ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார். மாணவர்களில் பெரும்பாலோர் அரச குடும்பத்துப் பையன்கள். பையன்களை ஓரிடத்தில் நிறுத்தி வைக்க முடியுமா? ஆகவே மூச்சுக்கு ஒரு அசைவாக, ஓர் ஆசனத்திலிருந்து அடுத்ததற்குத் தாவச் சொன்னார். வளரும் பிள்ளைகளுக்கு ஒன்று, குடும்பமும் உத்தியோகமும் உள்ளவர்களுக்கு இன்னொன்று, வயதானவர்களுக்கு வேறொன்று என்று அவர் தெளிவாகப் பிரித்து வைத்திருந்தார். பிற்பாடு சென்னைக்கு வந்து நூறு வயது வரை வாழ்ந்து, வந்தவருக்கு வந்தவர் தனித்தனிப் பாடம் சொன்னார். மகன் தேசிகாச்சார் 1976-ல் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம் அந்த வழியில்தான் நடக்கிறது. ஆனால் உலகம் தூக்கிக்கொண்டு போனது பையன்கள் பாடத்தை. மைசூர் மாணவர்களில் ஒருவரான பட்டாபி ஜோயிஸ் அதை மைசூரிலேயே கற்பித்தார். எழுபதுகளில் அமெரிக்கர்கள் வந்து கற்று ஊருக்கு எடுத்துப் போனார்கள். அங்கே பவர் யோகா ஆகி, விமானமேறி, வியர்வை உறிஞ்சும் கால்சட்டையோடு எங்கள் கிளப் ஹவுஸில் வந்து இறங்கியது.

விரிப்பும் அப்படித்தான் வந்தது. மேல்நாட்டில் கம்பளம் வழுக்காமலிருக்க அடியில் போடுகிற விரிப்பை யாரோ துண்டுபோட்டு யோகாவுக்குப் பயன்படுத்தினார்கள். அதிலிருந்து வளர்ந்ததே இன்றைய யோகா மேட். அப்பா ஆயுள் முழுக்க நெய்தது மேலே விரிப்பதை. நான் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்து வாங்கியது அடியில் விரிப்பதை.

ஆக, சான்றிதழ் கைக்கு வந்தபின் கிளப் ஹவுஸில் காலை ஆறு மணி பேட்ச். நாற்பதைத் தாண்டிய மென்பொருள் மேலாளர்கள், ஒரு பல் மருத்துவர், வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கியவர். இவர்கள் செய்வது மைசூர் ராஜகுமாரர்களின் டிரில். சேரும்போது நிரப்பிய படிவத்தில் நோக்கம் என்ற இடத்தில் எடை, கழுத்துவலி, தூக்கம் என்று எழுதியவர்கள், பத்து நாளில் அதையெல்லாம் மறந்துவிட்டார்கள். தவளை ஆசனம் என்றால் முகம் மலர்கிறது. சிங்காசனம் என்றால் கேட்கவே வேண்டாம்: மண்டியிட்டு, விரல்களை விரித்து, நாக்கை முழுக்க வெளியே தள்ளி, கண்ணை உருட்டிக் கர்ஜிக்க வேண்டும். முதல் நாள் கூச்சப்பட்டார்கள். அடுத்த வாரம் வாட்ச்மேன் கம்போடு ஓடி வந்தார். வீட்டில் நாக்கை நீட்ட முடியாது. ஆபீஸில் நீட்டினால் வேலை போய்விடும். காசு கொடுத்து நீட்டுகிறார்கள். கடைசியில் சவாசனம். மூன்றாவது நிமிடம் பல் மருத்துவர் குறட்டையைத் தொடங்கிவைப்பார். பவானி நெசவாளிக்கு மாஸ்டர் கொடுத்த அதே புஜங்காசனம், சலபாசனத்தைத்தான் இவர்களுக்கும் கொடுக்கிறேன். தறிக்குழி போய்ச் சுழல்நாற்காலி வந்திருக்கிறது. குனிந்த முதுகு அப்படியே இருக்கிறது. ஒன்றுதான் மோசம். அந்த நெசவாளிகள் குத்தவைத்து உட்கார்ந்து பீடி பிடிப்பார்கள். இவர்களைக் குத்தவைக்கப் பழக்குவதற்கே ஒரு மாதம், சுவரில் கை ஊன்றி, குதிகாலுக்கு அடியில் மடித்த துண்டு வைத்து.

மாலை ஐந்தரை பேட்ச்தான் கஷ்டம். பிள்ளைகள் வரிசையாக வந்து விரிப்பை ஓரம் பார்த்து நேராக விரித்து உட்காருவார்கள். எதற்கு வந்தீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டேன்.

"கான்சன்ட்ரேஷன் இம்ப்ரூவ் ஆகணும் மிஸ்."

"ஸ்ட்ரெஸ் மிஸ்." இவனுக்கு முன்பல் விழுந்து இன்னும் முளைக்கவில்லை.

"ஹைட் வளரணும் மிஸ். அப்பா சொன்னாரு."

இன்னொருத்தி ஸ்டேட் போக வேண்டும் என்றாள். 2020 டிசம்பரில் மத்திய அரசு யோகாசனத்தைப் போட்டி விளையாட்டாக அங்கீகரித்தது. ட்ரெடிஷனல், ஆர்ட்டிஸ்டிக், ரிதமிக் என்று பிரிவுகள் இருக்கின்றன. நடுவர்கள் நொடி எண்ணி மதிப்பெண் போடுகிறார்கள். அவள் அம்மா ஒரு செல்போன் காணொளியைக் காட்டி, "இந்தக் கால் இங்க வரணுங்க மேடம்" என்று தலையைத் தொட்டுக் காட்டினார். அந்தக் குழந்தையின் முதுகு இளசு, இழுத்தால் வரும். வருகிறதே என்று இழுப்பதுதான் ஆபத்து. எலும்பும் மூட்டும் முற்றாத வயதில் ஓர் ஆசனத்தில் நெடுநேரம் நிறுத்துவதோ, மூச்சை அடக்கச் சொல்வதோ, கழுத்தில் பாரம் ஏற்றுவதோ கூடாது. இதைச் சொன்னால் நான் பழங்காலத்து ஆள் என்று நினைக்கிறார்கள். பழங்காலத்து ஆள் ஏழாம் வாய்ப்பாடு வரை இறக்கியிருக்க மாட்டார் என்பதை அந்த அம்மாவிடம் சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்தில் "மைண்ட்ஃபுல்னஸ்" பீரியட் இருக்கிறதாம். கண்ணை மூடி, மூச்சைக் கவனித்து, எண்ணங்களைப் பார்க்க வேண்டும். ஹெட் கிளார்க்குகளுக்குக் கொடுக்க வேண்டிய பாடம் அது. ஓட வேண்டியவர்கள் உட்கார்ந்து எண்ணங்களைப் பார்க்கிறார்கள். படுத்துக்கொண்டு வயிற்றால் மூச்சு விடுங்கள் என்றால் பாதிப் பேருக்கு வயிறு அசையவில்லை. வயிற்றின்மேல் அவரவர் செருப்பை வைத்து, விழாமல் மேலும் கீழும் போகட்டும் என்றேன். ஒருவன் செருப்பு விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். சிரித்ததில் எல்லாச் செருப்பும் விழுந்தன. அந்த வாரத்தின் உருப்படியான மூச்சுப் பயிற்சி அதுதான்.

ஊரடங்குக் காலத்தில் இரண்டு பேட்சும் செல்போனுக்குள் போயின. எனக்குத் தெரிந்ததெல்லாம் சில மின்விசிறிகளும் ஒரு பாட்டியின் பாதங்களும். அந்தப் பாட்டிதான் ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தவர், பேரனுக்குப் பதிலாக.

போன மாதம் சுழல்நாற்காலிக்காரர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். காலையில் மீட்டிங் வருகிறதாம், எழவும் முடியவில்லையாம். மாலையில் மகனோடு வந்து பின்வரிசையில் நின்றுகொள்ளலாமா என்று கேட்டார். "அந்தச் செருப்பு எக்சர்சைஸ் எல்லாம் எங்களுக்குச் சொல்லித் தரவே இல்லீங்களே மேடம்." மகனிடம் கேட்டேன். அவன் கொஞ்சம் யோசித்து, "அப்பா பேசாம இருந்தா ஓகே மிஸ்" என்றான்.

சங்கத்தின் விதிப்படி மாலை பேட்சுக்கு வயது வரம்பு ஐந்திலிருந்து பதினான்கு. செயலாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ரசீதுப் புத்தகத்தை எடுத்து, பேனா மூடியைக் கழற்றி, நெடுநேரம் யோசித்தார்.

"ஃபீஸ் எப்படிங்க மேடம் போடறது? பெரியவங்க ரேட்டுங்களா, சின்னவங்க ரேட்டுங்களா?"

"பெரியவங்க ரேட்டே போடுங்க. சின்னவங்க ஃபார்ம்ல கார்டியன் கையெழுத்து ஒண்ணு கேப்பீங்களே, அதை அவங்க பையன்கிட்ட வாங்கிக்குங்க."

அவர் அதையும் எழுதிக்கொண்டார்.